சுவரில் விட்டு வைத்த இடம்

சுவரில் படம் வரைய வடகரப்பதித் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து ஆனந்தியை உறுத்திக்கொண்டிருந்த கேள்விக்கு, அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் விடை கிடைத்தது. கிடைக்காமலே போயிருக்கலாம் என்று அன்று பொழுது சாய்வதற்குள் அவள் பலமுறை நினைத்துவிட்டாள்.

தோட்டத்துக்காரர் கருப்புசாமி கட்டியிருக்கும் புது வீட்டின் கூடத்துச் சுவரில் என்ன வரைவது என்று அந்தக் குடும்பத்தில் முதலில் ஒரே இழுபறி. மருமகள் யோகப்பிரியா அருவியும் மயிலும் கேட்டாள். மகன் பிரதீப் காடும் யானைக்கூட்டமும் கேட்டான். தேக்கடிக்குச் சுற்றுலா போனபோது ஒரு ரிசார்ட்டில் ஆனந்தி வரைந்த சுவரைப் பார்த்துவிட்டு, அவளை வண்டிப்பெரியாரிலிருந்து வரவழைத்ததே அவன்தான். கருப்புசாமிக்கோ எதுவானாலும் சரி, பால் காய்ச்சும் நாளுக்குள் முடிய வேண்டும்.

எதிலும் வாய் திறக்காத மருதாத்தாள்தான் கடைசியில் குறுக்கே வந்தாள். "அருவியும் ஆனையும் நம்முளுக்கு எதுக்கு? எங்க தோட்டத்தையே வரஞ்சு குடு அம்முணி. விடியறதுல இருந்து வெளக்கு வெக்கற வரைக்கும் இங்க என்ன நடக்குதோ அது வேணும். எங்க ஊட்டு ஆளுக அத்தனை பேரும் அதுல இருக்கோணும்."

மனைவி அப்படிப் பேசிப் பார்த்திராத கருப்புசாமி, சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்படித்தான் அந்தச் சுவர் உருவானது. இடது ஓரத்தில் பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் எழுகிறது. வாய்க்கால் மடையைத் திறந்துவிடுகிறார் கருப்புசாமி. டிராக்டர் மேல் பிரதீப். தென்னை நிழலில் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள் யோகப்பிரியா. வலது பக்கம், மாலை வெயில் பட்ட களத்தில் மருதாத்தாள் நிலக்கடலை காயவைக்கிறாள். தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல உதட்டை ஒருபுறமாக மடிக்கும் அவளுடைய பழக்கம்கூட அப்படியே வந்திருந்தது. அந்தச் சாயலை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று வரையும்போதெல்லாம் ஆனந்திக்குத் தோன்றும். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

களத்தில் மருதாத்தாளுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம்.

"இங்க என்ன வரணும்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள் ஆனந்தி. இரண்டு தடவையும் ஒரே பதில்தான். "அப்பறம் சொல்றேன். அதை அப்பிடியே விட்டு வை."

அன்று காலை கருப்புசாமியும் பிரதீப்பும் குளியலறைச் சாமான்கள் வாங்கப் பொள்ளாச்சிக்குக் கிளம்பினார்கள். யோகப்பிரியா குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். கார் கேட்டைத் தாண்டியதும் மருதாத்தாள் புது வீட்டுக்குள் வந்தாள். கையில் ஆனந்திக்கு டீ. மடியில் எதையோ செருகியிருந்தாள்.

"இன்னைக்குச் சொல்லீர்றேன் அம்முணி. எனக்கு ஒரு புள்ளை இருந்துச்சு."

ஆனந்தி தூரிகையைத் தண்ணீரில் போட்டாள்.

"பிரதீப்புக்கு எளையவ. பேரு சித்ரா. கண்ணாலம் பேசி வெச்சிருந்தோம், எங்க நாத்தனார் பையனுக்கு. புள்ளைக்கு இஷ்டமில்லை. நான் என்ன பண்ணுவேன், ஆம்பளைங்க பேசி முடிச்சது. ஒரு நா காலேஜுக்குப் போனவ ஊட்டுக்கு வரலை. இவுங்க தேடிட்டுப் போனாங்க. பெரிய வாய்க்கால் கரையில அவ செருப்பு கெடந்துச்சுன்னு கொண்டாந்தாங்க."

குரல் பிசிறவே இல்லை. எத்தனையோ முறை தனக்குள்ளேயே சொல்லிப் பழகிய குரல்.

"ஒடம்புகூடக் கெடைக்கலை. ஆழியாத்துத் தண்ணி தொறந்து விட்டிருந்த சமயம், எந்தப் பக்கம் இழுத்துட்டுப் போச்சோ. பொம்பளப் புள்ளை பேரு ஸ்டேஷன்ல ஏறக்கூடாதுன்னு கேஸும் குடுக்கலை. எட்டு வருசமாச்சு. வருசா வருசம் ஆத்தங்கரையில திதி குடுக்கறோம். அவ போட்டோ ஒண்ணுகூட ஊட்டுல வெக்க உட மாட்டாங்க இவுங்க. பாத்தாத் தாங்காதாமா. ஒண்ணே ஒண்ணை மட்டும் அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன்."

சித்ரா என்ற பெயர் ஆனந்திக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் அண்ணன் ஜெகனுடைய மனைவி பெயரும் சித்ராதான். வண்டிப்பெரியாரில் தெருவுக்கு ஒரு சித்ரா இருப்பாள்.

மருதாத்தாள் மடியிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டினாள்.

முழுக்கைச் சுடிதார், கல்லூரி அடையாள அட்டை, உதட்டை ஒருபுறமாக மடித்த சிரிப்பு. கன்னத்தில் இன்னும் சதை இருந்தது. கூந்தல் இன்னும் அடர்த்தியாக இருந்தது. மற்றபடி, போன வாரம் பஸ் ஏற்றிவிட வந்து, "வேளாவேளைக்குச் சாப்புடு ஆனந்தி" என்று ஜன்னல் வழியாகப் பிஸ்கட் பொட்டலத்தைத் திணித்த அதே முகம்.

அவளுடைய மதினி.

ஆனந்தியின் கையிலிருந்த டீ கிளாஸ் சாய்ந்து சூடான டீ காலில் கொட்டியது. அவளுக்கு அது உறைக்கவில்லை.

"பாத்து, பாத்து! சுட்டுருச்சா?"

"இல்லம்மா."

"நீ என்ன பண்றே, இந்தக் களத்துல எம்பக்கத்துல அவளை நிறுத்தீரு. போட்டோவுல இருக்கறாப்புல சின்னப் புள்ளையா வேண்டாம். இப்ப இருந்திருந்தா எப்பிடி இருப்பாளோ, அப்பிடி. முப்பது வயசு ஆவறாப்புல. உன்னால முடியுமா? நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், எனக்கு அந்த மொகம் வரவே மாட்டேங்குது."

ஆனந்தி கிளாஸைக் கீழே வைத்தாள். "முடியும்மா" என்றாள். "கால் எரியுது. தண்ணி ஊத்திட்டு வந்துடறேன்."

மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய்த்தான் அவள் நின்றாள். கணவாய்க் காற்று தென்னை மட்டைகளை அறைந்துகொண்டிருந்தது. போனை எடுத்து மதினியின் எண்ணை அழுத்தினாள்.

அப்பா அம்மா இரண்டு பேரும் விபத்தில் இறந்துவிட்டார்கள், கோயம்புத்தூர் ஹாஸ்டலில் வளர்ந்தேன், சொந்தம் என்று யாரும் இல்லை. சித்ரா மதினி சொன்னது அதுதான். கல்யாணத்தில் பெண் வீட்டார் இடத்தில் அவளுடைய தோழி சிசிலியின் குடும்பம்தான் நின்றது. பெற்றவர்களுக்குச் செய்ய யாரும் இல்லாத பிள்ளை என்று ஆனந்தியின் அம்மா சாந்தம்மாள், போன ஆடி அமாவாசைக்குக்கூட அவர்கள் பேரில் இலை போட்டுக் காக்காய்க்குச் சோறு வைத்தாள்.

அந்தச் சோறு யாருக்காக வைக்கப்பட்டதோ, அந்த அம்மாள் கையால்தான் ஆனந்தி இத்தனை நாளும் டீ குடித்திருக்கிறாள்.

சித்ரா உடனே எடுத்தாள். வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் கல்லாவில் இருக்கிறாள். பின்னால் ஏதோ பஸ்ஸின் ஹாரன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வேலை என்று மட்டும்தான் அவளிடம் சொல்லிவிட்டு ஆனந்தி வந்திருந்தாள்.

"என்ன ஆனந்தி, வேலை முடிஞ்சிருச்சா?"

"மதினி, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லுங்க. உங்க அப்பா பேரு என்ன?"

"இதென்ன திடீர்னு? அவரு செத்து எவ்வளவு காலமாச்சு!"

"கருப்புசாமியா?"

யாரோ இரண்டு பப்ஸ் கேட்பது மட்டும் போனில் கேட்டது.

"மதினி, நான் வடகரப்பதியில நிக்கேன். உங்க வீட்டுச் சுவத்தைத்தான் இத்தனை நாளும் வரைஞ்சுகிட்டு இருந்திருக்கேன். உங்க அம்மா மருதாத்தாள் இப்பத்தான் உங்க போட்டோவைக் குடுத்தாக."

"எங்கம்மாளா?"

அந்த ஒரு சொல்லில் சித்ராவின் பேச்சே மாறிப்போனது. இத்தனை வருஷம் எஸ்டேட்டுக்காரி மாதிரியே பேசிப் பழகியிருந்தவள், ஒரு நொடியில் இந்தத் தோட்டத்துப் பெண்ணாகிவிட்டாள். "எங்கம்மா உங்கிட்டப் பேசுச்சா? என்னையப் பத்தியா? என்ன சொல்லுச்சு?"

"நீங்க செத்துட்டீகன்னு சொன்னாக."

"அப்பிடித்தான் சொல்லுவாங்க. அல்லாரும் தலை முழுகிட்டாங்கன்னு எனக்குத் தெரியும்."

"அப்படி இல்ல மதினி. நெசமாவே செத்துட்டீகன்னு நம்பிக்கிட்டு இருக்காக. வாய்க்கால்ல விழுந்துட்டீகளாம். கரையில செருப்பு கெடந்துச்சாம். வருஷா வருஷம் திதி குடுக்காகளாம்."

"எந்தச் செருப்பு?" என்றாள் சித்ரா. "நான் செருப்புப் போட்டுட்டுத்தானே பஸ் ஏறுனேன்? இன்னொரு ஜோடி ஊட்டுல இருந்துச்சு. புதுசு. அதை யாரு ஆனந்தி வாய்க்காலுக்குக் கொண்டு போனது?"

கேட்ட மாத்திரத்தில் இருவருக்குமே விடை தெரிந்துவிட்டது.

சித்ரா திக்கித் திக்கிச் சொன்னாள். சிசிலி அவளுடைய கல்லூரித் தோழி. கல்யாணத்துக்குப் பயந்து அவள் வீட்டுக்குத்தான் ஓடிவந்தாள். நாலாம் நாளே கருப்புசாமி தேடிக்கொண்டு வண்டிப்பெரியாருக்கே வந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தாள். அவர் அடிக்கவில்லை. சிசிலி வீட்டு வாசலில் நின்றபடியே பேசினார். "எங்களைப் பொறுத்த வரைக்கும் நீ செத்துட்டே. உங்கம்மாளும் தலை முழுகிட்டா. உன்ற மொகத்துல முழிச்சாக் கெணத்துல உழுந்துருவேன்னு சொல்லியிருக்கறா. திரும்பி வந்து அவளைக் கொன்னுபோடாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"எங்கம்மா செத்துறக் கூடாதுன்னுதான் நான் ஒரு போன்கூடப் பண்ணலை. எனக்கு அம்மா இல்லைன்னு உங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, எனக்கே அப்பிடி ஆயிருச்சு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ யார்கிட்டயும் சொல்லீராதே. கையெடுத்துக் கும்பிடறேன். நானே..."

போன் நின்றுவிட்டது. ஆனந்தி திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது. பெற்றவர்கள் இல்லாத குறை மனைவிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீபாவளிக்குத் தீபாவளி தானே தாய்வீட்டுச் சீர் மாதிரி பட்டுப்புடவை வாங்கிவந்து கொடுக்கும் அண்ணன். ஆனால் அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கூடத்துக்குத் திரும்பியபோது மருதாத்தாள் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவருக்கு நேரே போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் போட்டோ.

பொய்யாக ஒரு முகத்தை வரைந்து முடித்துவிடுவது என்ற முடிவோடுதான் ஆனந்தி தூரிகையை எடுத்தாள். யாருடையதாகவும் இல்லாத ஒரு நல்ல முகம். அம்மாள் பார்த்துச் சந்தோஷப்படட்டும். மற்றதை மதினியும் அண்ணனும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

காவியும் மஞ்சளும் கலந்து, துளி வெள்ளை சேர்த்து, களத்து வெயில் முகத்தில் படுவதுபோல நிறம் கூட்டினாள். நெற்றி. புருவம். கண். வேலை ஓட ஓடக் கை தன் பாட்டில் போனது. கொஞ்சம் ஒடுங்கிய கன்னம். மெல்லிய சட்டம் போட்ட கண்ணாடி.

"கண்ணாடி எதுக்கு அம்முணி?"

ஆனந்தி தூரிகையை நிறுத்தினாள். "படிச்ச பொண்ணுன்னு சொன்னீங்களேம்மா. இந்த வயசுக்குப் போட்டிருப்பாங்க."

மருதாத்தாள் சிரித்தாள். அவள் சிரித்து ஆனந்தி பார்ப்பது அதுதான் முதல் தடவை. "ஆமாமா. எந்நேரமும் பொஸ்தகந்தான். போட்டுத்தான் இருப்பா."

சோறு வைக்க மருதாத்தாள் பழைய வீட்டுக்குப் போனாள். ஆனந்தி புடவையை முடித்து, முறம் பிடித்திருக்கும் கைகளுக்கு வந்தாள். களத்து வேலை, முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்ட ரவிக்கை, வெயில் படும் இடது கை. நிழலைக் கூட்டி, ஒளியைத் தொட்டு, இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

அவளுடைய மதினி சுவரில் நின்றுகொண்டிருந்தாள். பொய்யான முகம் என்று தொடங்கியதெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அழித்துவிடலாமா என்று யோசித்து, துணியை நனைக்கக் குனிந்தபோது பின்னால் காலடி கேட்டது.

மருதாத்தாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு மெல்ல நடந்து வந்து சுவரை நெருங்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை அவள். கையைப் பார்த்தாள். அந்த இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, தோல் சுருங்கி வெளுத்த ஒரு தழும்பு ஓடியது.

"அம்முணி."

"அம்மா?"

"போட்டோவுல கை மூடியிருக்குது."

ஆனந்தி அப்போதுதான் சுவரில் அந்தக் கையைப் பார்த்தாள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கை. மதினி பாத்திரம் கழுவும்போதும் மகளைக் குளிப்பாட்டும்போதும் பார்த்த தழும்பு. வரைகிறோம் என்றே தெரியாமல் வரைந்துவிட்டிருந்தாள்.

"ஆறு வயசுல கருப்பட்டிப் பாகு கொட்டுனது. கொப்பரைக்குள்ள கையை உட்டுட்டா. ஊட்டு ஆளுகளத் தவுத்து இது யாருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு முழுக்கைச் சட்டையாத்தான் தெச்சுப் போடுவேன்." மருதாத்தாள் திரும்பினாள். "உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

ஆனந்தி கையிலிருந்த துணியைச் சுருட்டினாள்.

"சொல்லு தாயி. நீ அவளைப் பாத்திருக்கறயா? ஒடம்பு எங்காச்சும் ஒதுங்குச்சா? உங்க பக்கம் யாராச்சும் பாத்தாங்களா?"

அந்தக் கேள்விதான் ஆனந்தியை உடைத்தது. இந்த அம்மாள் இப்போதும் மகளின் உடம்பைத்தான் தேடுகிறாள்.

"அம்மா, அவுக உசுரோட இருக்காக."

மருதாத்தாள் அழவில்லை. மயங்கி விழவும் இல்லை. கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், ஆனந்தியைப் பார்த்தாள். "யாரு?" என்று கேட்டாள்.

"உங்க மக. எங்க மதினி. எங்க அண்ணனைத்தான் கல்யாணம் கட்டியிருக்காக. நாலு வயசுல ஒரு பாப்பா இருக்கு."

"சோறு திங்கறாளா?"

"என்னம்மா?"

"நல்லாச் சோறு திங்கறாளா? கன்னமெல்லாம் வத்திக் கெடக்குதே, நீ வரஞ்சதுல."

ஆனந்தி ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான், அந்த உடம்பு காய்ச்சல் கண்டதுபோல வெடவெடவென்று உதறுவது தெரிந்தது. நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தெரிந்ததை எல்லாம் சொன்னாள். சிசிலி வீடு. நாலாம் நாள் வந்து நின்ற கருப்புசாமி. கிணற்றில் விழுந்துவிடுவாள் என்று அவர் சொன்ன பேச்சு. வீட்டிலிருந்த இன்னொரு ஜோடிச் செருப்பு.

மருதாத்தாள் எல்லாம் கேட்டு முடித்து, "புதுச் செருப்புத்தான்" என்றாள். "சேறே இல்லாம இருந்துச்சு. நான் தொடச்சு வெச்சேன்."

வெயில் இறங்கத் தொடங்கியபோது கார் வந்து நின்றது. பிரதீப் பின்கதவைத் திறந்து அட்டைப் பெட்டிகளை இறக்கினான். கருப்புசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்குள் வந்தார்.

"கோபாலபுரம் செக்போஸ்ட்ல அரை மணி நேரம் நிறுத்திப்போட்டாங்க. எங்க, வேலை முடிஞ்சுதா?" என்றபடி சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

மருதாத்தாள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆனந்தி சாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கருப்புசாமியின் கையிலிருந்த துண்டு நழுவியது. சுவரில் நின்றவளையே பார்த்தார். பிறகு, பக்கத்தில் யாரும் இருப்பதே மறந்துபோனவராக, மெதுவாகக் கேட்டார்.

"கண்ணாடி போட்டுட்டாளா?"

பின்னால் பெட்டியைத் தூக்கி வந்த பிரதீப் அப்படியே நின்றான். "என்ன கேட்டீங்கப்பா?"

கருப்புசாமிக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. முகம் செத்துப்போனது. "யாரு இதை வரையச் சொன்னது? ஏம் புள்ளை, உனக்கு என்ன வேலை குடுத்தா நீ என்ன பண்ணி வெச்சிருக்கறே? வெள்ளையடி! இப்பவே அழி அதை!"

"அப்பா, என்ன கேட்டீங்கன்னு கேக்கறேன்."

மருதாத்தாள் எழுந்து சுவரோரமாக வந்தாள். ஈரம் காயாத வண்ணத்தில் முதுகு படாமல், அதற்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"கண்ணாடி போட்டுட்டாளான்னு கேக்கறாரு பிரதீப்பு. செத்தவளைப் பாத்து."

"மருதா, உனக்குத் தெரியாது..."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வருசா வருசம் ஆத்தங்கரையில எம்பக்கத்துல குந்திக்கிட்டு, உசுரோட இருக்கற புள்ளைக்குப் பிண்டம் வெச்சீங்களே. கை கூசலீங்களா உங்களுக்கு?"

பிரதீப் கையிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்தான். தங்கை இறந்துவிட்டாள் என்று சேதி வந்தபோது அவன் துபாயில் இருந்தான். காரியத்துக்குக்கூட லீவு கிடைக்காமல், அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவன். "அப்பா," என்றான். "இல்லைன்னு சொல்லுங்கப்பா. அம்மா என்னமோ உளறுதுன்னு சொல்லுங்க."

கருப்புசாமி சிமெண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அதிகாரமாக நடந்து வந்த மனிதர், எலும்பெல்லாம் கழன்றதுபோல ஒடுங்கிப் போனார்.

"ஓடிப்போனவன்னு சொல்லிக்கிட்டு இந்த ஊருல எப்பிடிடா தலை நிமுந்து நடக்கறது? எங்கக்கா மூஞ்சியில எப்பிடி முழிக்கறது? செத்துட்டான்னா நாலு நாளு அழுவாங்க, உட்ருவாங்க. கொஞ்ச நாள் போவட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். உங்கம்மா அழுததைப் பாத்துட்டு அதுக்கப்பறம் எனக்கு வாயே வரலை. வருசம் ஓடிப்போச்சு."

கீழே கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பெரிய மனிதர் ஒருவர் அப்படி உட்கார்ந்து அழுவதை ஆனந்தி பார்க்க விரும்பவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வண்டியை எடு பிரதீப்பு," என்றாள் மருதாத்தாள்.

"அம்மா..."

"வண்டிப்பெரியாருக்கு எந்த வழியில போவோணும்னு உனக்குத் தெரியுமல்ல? ஆனை பாக்க அந்தப் பக்கமாத்தானே போயிட்டு வந்தே? எடு."

அந்த நேரத்தில்தான் ஆனந்தியின் போன் அடித்தது. சித்ராவாக இருக்கும் என்று பாய்ந்து எடுத்தாள். ஜெகன். ஸ்பீக்கரில் போடாமலே அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஆனந்தி, உன் மதினி உனக்குப் போன் பண்ணுச்சா? கடையில ஆளைக் காணோம்டி. பாப்பாவ சிசிலி அக்கா வீட்ல விட்டுட்டு, கட்டிப் புடிச்சு அழுதுட்டுப் போயிருக்கா. போன் ஆஃப்ல கெடக்கு. குமுளி பஸ்ல ஏறுனான்னு ஒருத்தன் சொல்லுதான், கோட்டயம் பஸ்ல ஏறுனான்னு இன்னொருத்தன் சொல்லுதான். நான் ஜீப்பை எடுத்துக்கிட்டு எந்தப் பக்கம்னு ஓடுவேன்? அவளுக்குன்னு யாருடி இருக்கா போறதுக்கு?"

குமுளி பஸ் என்றால் மலையிறங்கி இந்தப் பக்கம் வரலாம். கோட்டயம் பஸ் என்றால், எட்டு வருஷத்துக்கு முன்னால் செய்ததையே அவள் மறுபடியும் செய்கிறாள் என்று பொருள். அண்ணனுக்கு எதை முதலில் சொல்வது?

அவள் சொல்லத் தேவை இருக்கவில்லை. மருதாத்தாள் கை நீட்டிப் போனை வாங்கிவிட்டாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், புது மாப்பிள்ளை நேரில் வந்து நிற்பதுபோல.

"மாப்பிள்ளை, பதறாதீங்க. நான் சித்ராவோட அம்மா பேசறேனுங்க."

அந்தப் பக்கம் ஜீப்பின் உறுமல் நின்றது. பிறகு ஜெகன், தவறான எண்ணுக்குப் போட்டுவிட்ட மனிதனின் மரியாதையோடு சொன்னான்.

"சித்ராவுக்கு அம்மா இல்லைங்களே. நீங்க யாரு?"